மூன்றாண்டு ரேம் திட்டம்

உச்சிப்புளி
21.9.2025

அன்புள்ள மருமகள் நாகஜோதிக்கு,

மாமா எழுதுகிறேன். உன்னை மருமகள் என்று அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. உன் அப்பா எங்கள் வீட்டு எண்களையெல்லாம் உன் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எண் இருந்திருந்தாலும் நான் பேசியிருக்கமாட்டேன். பேசும்போது எனக்கு எல்லாம் முன்பின்னாகிவிடும். முப்பத்தொரு ஆண்டு நில அளவை அலுவலகத்தில் கோடு போட்டவனுக்கு வரிசைதான் துணை. எனவே முதலில் பட்டியல். இந்தக் கடிதத்தில் எழுதப்போவது:

1. நீ அசெம்பிள் செய்த கேமிங் கணினி இப்போது இருக்கும் நிலை.
2. அதன் ரேமை அடுத்த மூன்று ஆண்டுகளில் கூட்டுவதற்கான திட்டம்.
3. அந்தத் திட்டத்தில் எனக்குள்ள சந்தேகங்கள்.
4. ஆனி மாதக் கூட்டத்தில் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம்.

முதலாவது. உன் அத்தை கணினியின் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருக்கிறாள். மகன் தங்கப்பாண்டி அதை விற்றுவிட வேண்டும் என்கிறான். ஆனால் ஆள் பார்க்கவில்லை. அவன் டிராக்டர் ஷோரூமுக்குப் போய், உன் அத்தையும் மதியம் கண்ணயர்ந்த பிறகு, சேலையை எடுத்துவிட்டு அரை மணி நேரம் இயக்குகிறேன். சும்மா கிடந்தால் இந்த உப்புக் காற்றில் உள்ளே பச்சை பிடித்துவிடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். நீங்கள் நான்கு பேராக ஆடிய அந்த விளையாட்டைத் திறந்து, ஆற்றங்கரையில் அசையாமல் நின்றுகொண்டு, எவ்வளவு ரேம் செலவாகிறது என்று நோட்டில் குறிக்கிறேன். பதினாறு ஜிபியில் பதிமூன்றுக்கு மேல் போய்விடுகிறது. நேற்று குறித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ என்னைச் சுட்டுவிட்டார்கள்.

இரண்டாவது. போர்டில் நான்கு ஸ்லாட்டுகள். இரண்டில் எட்டு எட்டு ஜிபி இருக்கிறது. மீதி இரண்டும் காலி. இந்த ஆண்டு காலியானவற்றில் எட்டு எட்டு போட்டால் முப்பத்திரண்டு ஆகும். அடுத்த ஆண்டு ஒன்றும் செய்யாமல் கவனிப்பது. மூன்றாம் ஆண்டு நான்கையும் கழற்றிவிட்டு, அறுபத்துநான்கு வரும்படி பெரியவை போடுவது.

மூன்றாவது. பழையதும் புதியதும் ஒத்துப்போகுமா? நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் வேகம் குறையும் என்கிறார்களே, அது எவ்வளவு? இந்த போர்டு டிடிஆர் நான்கு வகை. அந்தச் சரக்கு வருவதே குறைந்துவிட்டது, தீர்ந்தால் மறுபடி எப்போது வருமோ என்று ராமநாதபுரத்தில் கடைக்காரர் சொன்னார். இதையெல்லாம் முன்பு உங்களோடு ஆடிய ராம்குமாரிடம் கேட்டிருப்பேன்.

நான்காவது. இதற்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. உன் விளையாட்டுக் கணக்கிலிருந்து ராம்குமாருக்குப் போன பதினொரு செய்திகளையும் எழுதியவன் நான். மைக்கில் பேச எனக்குக் கூச்சம் என்பதால் நீ செய்திப் பெட்டியைத் திறந்து கொடுத்தாய். உன் பங்கு அவ்வளவுதான். தூத்துக்குடியில் இருக்கும், நாம் இருவருமே முகம் பார்த்திராத அந்தத் தம்பியிடம் நான் கேட்டது ரேமைப் பற்றி மட்டும்தான். ஆனால் பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த முறைப்படி, ஆங்கிலத்தில், ‘மை டியர் ராம்குமார்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் அஃபெக்‌ஷனேட்லி’ என்று முடித்தேன். வயதில் இளையவர்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்பது பரமக்குடியில் படித்த பாடம். எங்கும் என் பெயரைப் போடவில்லை. மேலே உன் பெயர் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

உன் பெரியப்பா கூத்தையா வீட்டுக் கூடத்தில் பத்துப் பேருக்கு முன்னால் தங்கப்பாண்டி அதைத்தான் போனில் காட்டினான். “மூணு வருசத்துக்கு என்னென்ன வாங்கணும்னு எவன்கூடவோ உக்காந்து திட்டம் போட்டுருக்கா. என்கூட அடுத்த மாசத்தப் பத்தி ஒரு பேச்சுப் பேசுனதில்ல” என்றான். மாமாதான் எழுதினார் என்று நீ சொன்னாய். உடனே உன்னையும் உன் அம்மாவையும் உள்ளறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் எப்படி வாயைத் திறப்பது என்று இருந்துவிட்டேன். அதுதான் காரணம்.

பதில் எழுத மனமிருந்தால் கிளை நூலக முகவரிக்கு எழுது. நூலகர் செவ்வந்தி வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள மாமா,
பாண்டித்துரை

---

திருப்புல்லாணி
4.10.2025

மாமாவுக்கு ஜோதியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உங்களை ஆற்றங்கரையில் சுட்ட இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் கரையில் நிற்காதீர்கள். மேற்கே ஒரு செங்கல் சூளை இருக்கும், அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு குறியுங்கள்.

முதலில் ரேம். உங்கள் திட்டத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. கடைசியில் அறுபத்துநான்குதான் வேண்டும் என்றால் இப்போது எட்டு எட்டாகச் சேர்ப்பது வீண். இருக்கும் இரண்டு எட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பதினாறு போடுங்கள். முப்பத்திரண்டு ஆகிவிடும், இரண்டு ஸ்லாட் காலியாகவும் இருக்கும். மூன்றாம் ஆண்டு அதே கம்பெனியில் அதே வேகத்தில் இன்னும் இரண்டு பதினாறு. அப்போது நான்கும் நிறைவதால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டி வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்தான் போட வேண்டும். டிடிஆர் ஐந்தை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்கிவிடாதீர்கள், இந்த போர்டில் நுழையவே நுழையாது.

இப்போது நான்காவது. யாராவது ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். சர்க்கரை போட்ட காபியைக் குடித்துவிட்டு அத்தையிடம் மறைக்கத் தெரியாதவர் நீங்கள். கேட்காமல் விட்டது அவர்கள் தப்பு என்றுதான் இங்கே அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இங்கே இருப்பு சரியில்லை மாமா. எங்கள் அய்யா என்னோடு பேசுவதில்லை. நான் எதிரில் நிற்கும்போதே, “அது சாப்புட்டுச்சா?” என்று அம்மாவிடம் கேட்கிறார். என் தங்கை துர்காவை மண்டபம் ஊரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு, மூத்தது சமாச்சாரம் என்னவென்று தெளியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். துர்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால்கூடத் தேவலை.

எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று இல்லை. அவர் என்னை நம்பாததற்கு நீங்கள் என்ன செய்ய முடியும். அந்தச் செய்திகளை நான் எழுதவில்லை என்று மட்டும் பத்துப் பேருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்வீர்களா?

மருமகள்,
நாகஜோதி

---

உச்சிப்புளி
19.10.2025

அன்புள்ள ஜோதிக்கு,

உன் திருத்தம் சரி. அதன்படி திட்டத்தைப் புதுத் தாளில் மாற்றி எழுதிவிட்டேன். செங்கல் சூளைக்குள் இரண்டு நாளாக உயிரோடு இருக்கிறேன். அங்கே இருந்தால் பன்னிரண்டரைதான் செலவாகிறது. ஆற்று நீர் அசைவதால் அங்கே கூடுகிறதோ என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். தவறாகவும் இருக்கலாம்.

நீ கேட்டதைச் செய்ய முயன்றேன். முதல் முறை, தங்கப்பாண்டி வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, “ஏலே தங்கம், அந்த மெசேஜு விசயம்...” என்று ஆரம்பித்தேன். “அய்யா, அந்தப் பேச்ச இனி இங்கன எடுக்காதீக” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ போன பிறகு அவனும் இளைத்துவிட்டான். இதை உனக்கு எழுதுவது முறையா என்று தெரியவில்லை. எழுதிய வரியை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

இரண்டாம் முறை உன் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். அவள், எவனுக்கோ யாரோ எழுதியதை நான் என் தலையில் போட்டுக்கொண்டு மருமகளைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றாள். எழுதியது நான்தான் என்று மறுபடி சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கியது. அவள் எழுந்து போய்விட்டாள்.

நான் இந்த வயதில் ஒரு பிள்ளையிடம் ‘மை டியர்’ என்று எழுதி, மருமகளோடு உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டுப் பார்த்தேன் என்பதை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்ற நினைப்பும் உள்ளே இருக்கிறது. உன் நிலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. தெரிகிறது. தெரிந்தும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

ரேம் ஆர்டர் கொடுத்திருக்கிறேன். பதினாறு, இரண்டு.

அன்புள்ள மாமா,
பாண்டித்துரை

---

திருப்புல்லாணி
9.11.2025

மாமாவுக்கு வணக்கம்.

டிசம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கூத்தையா பெரியப்பா வீட்டில் மறுபடி கூட்டம். மார்கழி பிறப்பதற்குள் பேசி முடித்துவிட வேண்டுமாம். பிரித்து எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுவதுதான் பேச்சு. போட்டுவிடுகிறேன். ஆனால் காரணம் என்று ஒன்று எழுதுவார்கள் இல்லையா? அந்த இடத்தில் என்ன எழுதுவார்கள் என்பதுதான் எனக்கும் துர்காவுக்கும் முக்கியம். மண்டபத்துக்காரர்களின் சொந்தத்தில் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்.

உங்கள் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. பதினொரு செய்திகளையும் எழுதியவன் நான் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. பாதி ஊரின் பட்டாவில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. இதைக் கூடத்தில் எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. அம்மா, கேட்காமல் காட்டிவிடு என்கிறார். எனக்கு எழுதிய கடிதத்தை உங்களைக் கேட்காமல் காட்ட எனக்கு மனமில்லை.

காட்டட்டுமா? ஒரு வரி போதும்.

ரேமைப் போடும்போது கேபினெட்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

நாகஜோதி

---

உச்சிப்புளி
26.11.2025

அன்புள்ள ஜோதிக்கு,

ரேம் வந்தது. நீ சொன்னபடி இரும்பைத் தொட்டுவிட்டுப் பழையவற்றைக் கழற்றினேன். புதியவற்றை இரண்டாவதிலும் நான்காவதிலும் வைத்து அழுத்தினேன். இயக்கினால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். நீ ஆசையாய்ப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொருளை என் கையால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு மறுபடி கழற்றி, பென்சில் ரப்பரால் அடிப்பக்கத்தைத் துடைத்து, கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்தினேன். முதல் முறை அந்தச் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பயந்து பயந்து பாதிதான் அழுத்தியிருந்தேன். இப்போது முப்பத்திரண்டு காட்டுகிறது. ஆற்றங்கரைக்கே போய் நின்று பார்த்தேன். பாதிகூடச் செலவாகவில்லை. இத்தனை மாதத்தில் அன்று ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

நீ கேட்ட ஒரு வரி. கடிதங்களைக் காட்டாதே அம்மா.

காரணம் சொல்கிறேன். கடிதத்தைக் காட்டினால் நான் நூலகத்தில் ஒளிந்துகொண்டு எழுதியவன் ஆவேன். என் மகனும் மனைவியும் அதைப் பிறர் வாயால் கேட்பார்கள். நானே எழுந்து சொன்னால் நானே சொன்னதாகும். எழுபத்தொரு வயதுக்கு அந்த ஒரு மரியாதையை எனக்கு விட்டுவை. கூட்டத்தில் முதல் வார்த்தை என்னுடையதாக இருக்கும். சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியங்களாக எழுதி, தினமும் கொல்லைப்புறத்தில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். நேற்றுத் தடங்கலில்லாமல் வந்தது. கடற்படை விமானம் மேலே போனபோது உரக்கவே சொன்னேன்.

திட்டத் தாளையும் சட்டைப்பையில் கொண்டுவருகிறேன். எதையும் விடமாட்டேன்.

அன்புள்ள மாமா,
பாண்டித்துரை

---

திருப்புல்லாணி
17.12.2025

மாமாவுக்கு,

கூட்டத்தில் நடந்தது உங்களுக்கும் தெரியும். நான் உள்ளறையில் இருந்தேன், அதனால் எனக்கு எப்படிக் கேட்டது என்பதை எழுதுகிறேன்.

நீங்கள் வந்ததும், செருப்பைக் கழற்றியதும், சுவரோர நாற்காலியில் உட்கார்ந்ததும் கதவிடுக்கில் தெரிந்தது. சட்டைப்பையில் மடித்த தாள் தெரிந்தது. அம்மாவிடம், மாமா கொண்டுவந்திருக்கிறார் என்று சொன்னேன். பெரியப்பா எல்லாவற்றையும் பேசிவிட்டு, “எழுதறதுக்கு முன்னாடி யாருக்கும் எதுவும் சொல்ல இருக்கா?” என்று கேட்டார். பிறகு நாற்காலி நகர்ந்தது. நீங்கள் எழுந்து நின்றீர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மழ வார மாதிரி இருக்கு. வண்டிய உள்ள எடுத்து வச்சுட்டு வாரேன்” என்றீர்கள்.

நீங்கள் திரும்பி வந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் தாளை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில், பெண்ணின் நடத்தையில் வந்த ஐயம் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். உங்கள் கடிதங்கள் மூன்றும் என் மடியில் பைக்குள் இருந்தன. காட்டவில்லை. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், சரி என்று இருந்துவிட்டேன். அம்மா அதற்காக என்னோடு இன்னும் பேசவில்லை.

மண்டபத்துக்காரர்கள் நேற்று போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துர்கா மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

பொங்கலுக்கு முன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். அங்கிருந்து எழுதமாட்டேன். கணினியை எனக்கு அனுப்ப வேண்டாம். மூன்றாம் ஆண்டுத் திட்டமும் வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவேயில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பா பொதுவாகக் கேட்டது உங்களைக் கேட்டதாகாது. முதல் கூட்டத்தில் அதுகூட இல்லை. யாராவது ஒருவர், பாண்டித்துரை, நீ சொல் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். இவ்வளவு பேரில் நீங்கள் ஒருவராவது பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்த இரண்டு வருடத்திலிருந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நாகஜோதி

---

உச்சிப்புளி
28.12.2025

நாகஜோதிக்கு,

இதற்குப் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீ ஊருக்குப் போகுமுன் கிடைத்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ரேம் திட்டம் இத்துடன் நின்றது. பழைய இரண்டு எட்டு ஜிபியையும் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அவை உன்னுடையவை. துர்காவோ நீயோ கேட்டால் கொடுப்பேன். தங்கப்பாண்டி விற்க ஆள் பார்த்துவிட்டான். வாங்க வந்தவர் உள்ளே எத்தனை ஜிபி என்று கேட்டார். அவன் தெரியாது என்றான். நான் பக்கத்தில் இருந்தும் சொல்லவில்லை.

மழை அன்று வரவில்லை. வண்டியை உள்ளே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு வாக்கியங்களும் அங்கே முழுதாக நினைவில் இருந்தன. உள்ளே நாற்காலிகள் கலையும் சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

என் கடிதங்களை, இதையும் சேர்த்து, நீ யாரிடமும் காட்டலாம். மண்டபத்திலும் காட்டலாம். இந்த அனுமதி இப்போது எதற்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும். நவம்பரில் நீ கேட்டபோது ஆகியிருக்கும்.

நீ என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாய். பத்து நாளாக அந்த வரியைப் படிக்கிறேன். அதை அப்படியே விட்டுவிட்டால் உனக்கு ஆறுதலாக இருக்குமோ என்றும் யோசித்தேன். அப்படி யோசித்ததும் என் கோழைத்தனம்தானோ என்று பிறகு தோன்றியது. எது சரி என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஆனி மாதம் உங்களை உள்ளே அனுப்பிய பிறகு கூத்தையா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, மருமக ஒங்களத்தான் சொல்லுது. நெசமா?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் தங்கப்பாண்டி, “எங்கய்யாவுக்கு அந்த டப்பாவ ஆன் பண்ணவே தெரியாது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூத்தையா சிரிக்கவில்லை. “நீங்க சொல்லுங்கண்ணே” என்று மறுபடி கேட்டார்.

“எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா” என்றேன்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று முதல் கடிதத்தில் நான்காவதாக எழுதியிருந்தேன். அது தவறு. இரண்டு முறை கேட்டார்கள்.

பாண்டித்துரை